ஒரே நாளில் இரண்டு ‘ஆம்’: 2023 ஏப்ரல் 21, தமிழ்நாடு சட்டப்பேரவை

2023 ஏப்ரல் 21, வெள்ளிக்கிழமை. தமிழ்நாடு சட்டப்பேரவையின் நிதிநிலைக் கூட்டத்தொடருக்கு அன்று கடைசி நாள். கடைசி நாள் என்றால் என்ன நடக்கும் என்பது கோட்டைப் பக்கம் போய்வருகிறவர்களுக்குத் தெரியும். மானியக் கோரிக்கைகள் முடிந்திருக்கும், உறுப்பினர்கள் ஊருக்குக் கிளம்பும் மனநிலையில் இருப்பார்கள், தேங்கிக் கிடந்த சட்டமுன்வடிவுகள் ஒன்றன்பின் ஒன்றாக எடுக்கப்படும். “ஏற்போர் ஆம் என்க, மறுப்போர் இல்லை என்க” என்று அவைத்தலைவர் சொல்ல, ஆம் என்ற குரல் எழும், அடுத்ததற்குப் போவார்கள்.

அன்றைக்கு அப்படி நிறைவேறியவற்றில் இரண்டை எடுத்துக்கொள்கிறேன். ஒன்று, ஆலைகளில் வேலை நேரத்தைத் தளர்த்தும் தொழிற்சாலைகள் (தமிழ்நாடு திருத்தச்) சட்டமுன்வடிவு. மற்றது, தமிழ்நாடு நில ஒருங்கிணைப்பு (சிறப்புத் திட்டங்களுக்கான) சட்டமுன்வடிவு. முதலாவது பத்தே நாளில் திரும்பப் பெறப்பட்டது. இரண்டாவது ஆளுநரின் ஒப்புதல் பெற்று இன்று நடைமுறையில் இருக்கிறது. முதலாவதை ‘12 மணி நேர வேலை மசோதா’ என்று சொன்னால் டீக்கடையில்கூட நினைவுகூர்வார்கள். இரண்டாவதன் பெயரைக் கேட்டால் படித்தவர்களே யோசிக்கிறார்கள். ஒரே அவை, ஒரே நாள், ஒரே ஆளுங்கட்சி. பிறகு ஏன் இந்த வித்தியாசம்? அதைத்தான் இந்த ஆய்வு தேடுகிறது.

ஆறு பிரிவுகளும் ஒரு வரியும்

முதலில் வேலை நேரச் சட்டமுன்வடிவு. அன்றைக்குத் தொலைக்காட்சி விவாதங்களில் ‘எட்டு மணி நேரம் பன்னிரண்டு ஆகிறது’ என்று மட்டுமே பேசினார்கள். சட்டமுன்வடிவின் வாசகம் அதைவிட அகலமானது. எனக்குக் கவலை தந்தது அந்த அகலம்தான்.

1948-ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டத்தில் 65-ஏ என்ற புதுப் பிரிவு ஒன்றைச் சேர்ப்பதுதான் திருத்தம். எந்தத் தொழிற்சாலைக்கோ, எந்த வகைத் தொழிற்சாலைகளுக்கோ, சட்டத்தின் 51, 52, 54, 55, 56, 59 ஆகிய பிரிவுகளில் எதிலிருந்தும், அல்லது எல்லாவற்றிலிருந்தும், மாநில அரசு ஓர் அறிவிக்கையின் மூலம் விலக்கு தரலாம். நிபந்தனைகளையும் அரசே அந்த அறிவிக்கையில் சொல்லிக்கொள்ளும்.

இந்த ஆறு பிரிவுகளும் அப்போது என்ன சொல்லின? 51: வாரத்துக்கு 48 மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்கக் கூடாது. 52: வாரத்தில் ஒரு நாள் விடுமுறை. 54: நாளுக்கு 9 மணி நேரத்துக்கு மேல் கூடாது. 55: தொடர்ந்து ஐந்து மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்கக் கூடாது, அதற்குள் அரை மணியாவது ஓய்வு வேண்டும். 56: ஓய்வையும் சேர்த்து ஒருவர் ஆலைக்குள் இருக்கும் மொத்த நேரம் பத்தரை மணியைத் தாண்டக் கூடாது. 59: நாளுக்கு 9 மணியையோ வாரத்துக்கு 48 மணியையோ தாண்டினால், தாண்டிய நேரத்துக்கு இரட்டைச் சம்பளம். ஆலைத் தொழிலாளி ‘ஓ.டி.’ என்று சொல்வது இந்தக் கடைசிப் பிரிவைத்தான்.

எதிர்ப்பு கிளம்பியதும் தொழிலாளர் நலத்துறை அமைச்சர் சி.வி. கணேசனும் அப்போதைய தொழில்துறை அமைச்சர் தங்கம் தென்னரசுவும் விளக்கம் தந்தார்கள். வாரத்துக்கு 48 மணி நேரம் என்பது மாறாது, நான்கு நாள் பன்னிரண்டு மணி நேரம் வேலை செய்தால் மூன்று நாள் விடுமுறை, எல்லா ஆலைகளுக்கும் இது வராது, மின்னணுப் பொருள்கள், தோல் அல்லாத காலணிகள் போன்ற குறிப்பிட்ட தொழில்களுக்கு மட்டும்தான், அதுவும் தொழிலாளர் விரும்பினால்தான் என்றார்கள். அவர்கள் மனதில் அதுவே இருந்திருக்கலாம். ஆனால் 48 மணி நேரம் மாறாது என்றால் 51-ஆம் பிரிவை விலக்குப் பட்டியலில் ஏன் சேர்க்க வேண்டும்? வார விடுமுறை போகாது என்றால் 52 எதற்கு? தொழிலாளரின் விருப்பம் என்ற சொல் சட்டத்துக்குள் அல்லவா இருக்க வேண்டும்? நாளைக்கு வழக்கு என்று வந்தால் நீதிபதி சட்டத்தின் வாசகத்தைத்தான் முதலில் கையில் எடுப்பார். பத்திரிகையாளர் சந்திப்பில் சொன்னது அங்கே எடுபடாது.

இதில் இன்னொரு நுட்பமும் உண்டு. பழைய சட்டத்திலேயே விலக்கு தரும் அதிகாரம் இருந்தது. 65-ஆம் பிரிவு, அவசர வேலைப்பளு வரும்போது விலக்கு தரலாம் என்றது. கூடவே வரம்புகளையும் அதே பிரிவில் எழுதிவைத்திருந்தது: நாளுக்கு 12 மணி நேரம்தான் உச்சம், ஆலைக்குள் இருக்கும் நேரம் 13 மணி, ஓ.டி. உள்பட வாரத்துக்கு 60 மணி, மூன்று மாதத்தில் ஓ.டி. 75 மணிக்கு மேல் கூடாது. பழைய சட்டத்தை எழுதியவர்கள் கதவைத் திறந்தபோது எவ்வளவு திறக்கலாம் என்பதையும் எழுதினார்கள். அதன் பக்கத்திலேயே வந்து உட்காரப் பார்த்த 65-ஏ-வில் அப்படி ஒரு வரம்பும் எழுதப்படவில்லை. எல்லாமே பிற்பாடு வரும் அறிவிக்கைக்கு விடப்பட்டது.

சரி, ‘நான்கு நாள் வேலை, மூன்று நாள் ஓய்வு’ என்ற கணக்கையே அப்படியே ஏற்றுக்கொள்வோம். ஒரு தொழிலாளி நான்கு நாள், நாளுக்கு 12 மணி நேரம் வேலை செய்கிறார். பழைய சட்டப்படி நாளுக்கு முதல் 9 மணிக்குச் சாதாரணச் சம்பளம், மீதி 3 மணிக்கு இரட்டிப்பு. நான்கு நாளுக்கு 36 மணி சாதாரணம், 12 மணி இரட்டிப்பு. ஆக 60 மணி நேரச் சம்பளம் கைக்கு வரும். 54-க்கும் 59-க்கும் விலக்கு தந்துவிட்டால் அதே 48 மணி நேர உழைப்புக்கு 48 மணி நேரச் சம்பளம்தான். வாரத்துக்கு 12 மணி நேரக் கூலி கண்முன்னே காணாமல்போகிறது.

இது கற்பனைப் பயமும் அல்ல. 2020-இல் கொரோனாவைக் காரணம் காட்டி குஜராத் அரசு நாளுக்கு 12 மணி நேரம், வாரத்துக்கு 72 மணி நேரம் என்று அறிவிக்கை வெளியிட்டது. கூடுதல் நேரத்துக்கு இரட்டிப்புக் கிடையாது, அதே விகிதச் சம்பளம்தான் என்றும் அதில் இருந்தது. உச்ச நீதிமன்றம் 2020 அக்டோபர் 1 அன்று அதை ரத்துசெய்து, செய்த ஓ.டி.க்கு உரிய கூலியைத் தரும்படி சொன்னது. 65-ஏ-வை எழுதிய மேசையில் அந்தத் தீர்ப்பும் இருந்திருக்க வேண்டும்.

அப்புறம் உடம்பின் கணக்கு ஒன்று இருக்கிறது. பன்னிரண்டு மணி நேர வேலையோடு சாப்பாட்டு நேரமும் தேநீர் நேரமும் சேர்ந்தால் ஆலைக்குள் பதின்மூன்று மணி. ஒரகடத்திலும் ஸ்ரீபெரும்புதூரிலும் உள்ள ஆலைகளுக்கு செய்யாறு, வாலாஜாபாத், அரக்கோணம் பக்கத்துக் கிராமங்களிலிருந்தெல்லாம் கம்பெனி பஸ்ஸில் பிள்ளைகள் வருகிறார்கள். போக ஒன்றரை மணி, வர ஒன்றரை மணி. பதினாறு மணி நேரம் போய்விட்டது. மிச்சம் எட்டு. அதில் குளிக்க வேண்டும், சமைக்க வேண்டும், குழந்தையின் வீட்டுப்பாடத்தைப் பார்க்க வேண்டும், தூங்கவும் வேண்டும். இந்திய ஆலைகளில் வேலை செய்யும் பெண்களில் ஐந்தில் இரண்டு பங்குக்கு மேல் தமிழ்நாட்டில்தான் இருக்கிறார்கள் என்பதை நினைவில் வைத்தால், இந்த எட்டு மணி நேரம் யாருடையது என்று புரியும்.

அரசின் பக்கம்

அரசுக்குக் காரணம் இல்லாமல் இல்லை. நாட்டிலேயே அதிகத் தொழிற்சாலைகள் உள்ள மாநிலம் இது. சீனாவிலிருந்து இடம் மாற நினைக்கும் நிறுவனங்களைத் தமிழ்நாடும் கர்நாடகமும் போட்டிபோட்டு அழைத்துக்கொண்டிருந்த நேரம். 2023 பிப்ரவரியில் கர்நாடகம் முந்திக்கொண்டது. நாளுக்கு 12 மணி நேரம் வரை அனுமதித்து, மூன்று மாத ஓ.டி. வரம்பை 75-இலிருந்து 145 மணியாக உயர்த்தியது. ஆனால் வாரத்துக்கு 48 மணி என்ற வரம்பைக் கர்நாடகம் சட்டத்திலேயே வைத்திருந்தது. பக்கத்து மாநிலம் செய்துவிட்டதே என்ற அழுத்தத்தில் எழுதியபோது அந்த வரம்பை மட்டும் விட்டுவிட்டார்கள் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

இதே துறை, இதே அமைச்சர் 2021 செப்டம்பரில் கொண்டுவந்த சட்டம் ஒன்றையும் சொல்லியாக வேண்டும். கடைகளில் நாள் முழுக்க நின்றே வேலை செய்யும் ஊழியர்கள் உட்கார இருக்கை தர வேண்டும் என்ற திருத்தம் அது. துணிக்கடைகளில் கால் வீங்கி நின்ற பெண்கள் அதைக் கொண்டாடினார்கள். தொழிலாளரைப் பற்றி அக்கறையில்லாத அரசு என்று எளிதில் சொல்லிவிட்டுப் போக முடியாத இடம் இது. அக்கறை உள்ள அரசும் அவசரத்தில் மோசமான வாசகத்தை எழுதும். அதைப் பிடித்து நிறுத்தும் இடம்தான் சட்டமன்றம். அன்றைக்கு அது நிறுத்தியதா?

அவைக்குள்

234 பேர் கொண்ட அவையில் 2021 தேர்தலில் உதயசூரியன் சின்னத்தில் வென்றவர்கள் மட்டுமே 133 பேர். காங்கிரஸ் 18, விடுதலைச் சிறுத்தைகள் 4, இரு கம்யூனிஸ்டு கட்சிகளுக்கும் தலா 2. எதிர்க்கட்சியான அதிமுக 66. எதையும் நிறைவேற்றக் கூட்டணிக் கட்சிகளின் கை தேவைப்படாத பெரும்பான்மை.

அப்படியும் அன்றைக்கு எழுந்து நின்று எதிர்த்தவர்களில் கூட்டணிக்காரர்களே இருந்தார்கள். இடதுசாரிகள், விசிக, காங்கிரஸ், மதிமுக என்று ஒவ்வொருவராக எதிர்ப்பைச் சொன்னார்கள். இடதுசாரிகளும் விசிகவும் வெளிநடப்பும் செய்தார்கள். சட்டமுன்வடிவு குரல் வாக்கெடுப்பில் நிறைவேறியது. எண்ணிக் கணிக்கும் வாக்கெடுப்பு நடந்திருந்தால் யார் எந்தப் பக்கம் என்பது அவைக்குறிப்பில் பெயர் பெயராக ஏறியிருக்கும். குரல் வாக்கெடுப்பில் பெயர் கிடையாது, சத்தம் மட்டும்தான்.

ஆளுங்கட்சி உறுப்பினர்களில் ஆலைப்பகுதித் தொகுதிக்காரர்கள் எத்தனையோ பேர். கோவை மாவட்டத்தில் திமுக ஒரு தொகுதியிலும் வெல்லவில்லை, ஆனால் ஓசூர் திமுக வசம் இருந்தது. தொகுதியில் ஷிப்ட் முடிந்து வரும் தொழிலாளியைத் தினம் பார்க்கிற ஒருவருக்கு இதைப் பற்றிச் சொல்ல ஏதாவது இருந்திருக்கும். ஆனால் கொறடாவின் உத்தரவை மீறி வாக்களித்தால் 1985-இல் வந்த கட்சித்தாவல் தடைச் சட்டப்படி பதவியே போகலாம். சட்டம் தடுப்பது வாக்கைத்தான், பேச்சை அல்ல. நடைமுறையில் நாக்கையும் சேர்த்தே கட்டிவிட்டது. சொந்தச் சின்னத்தில் வென்ற கூட்டணிக்காரர்கள் எளிதாக வாய் திறக்க முடிந்ததற்கு இதுவும் ஒரு காரணம்.

இதற்குப் பதினோரு நாள் முன்னால், ஏப்ரல் 10 அன்று, இதே அவை வேறொரு தீர்மானம் போட்டது. பேரவை நிறைவேற்றி அனுப்பும் சட்டமுன்வடிவுகளுக்கு ஆளுநர்கள் ஒப்புதல் தரக் காலவரம்பு விதிக்க வேண்டும் என்று முதலமைச்சர் மு.க. ஸ்டாலினே முன்மொழிந்த தீர்மானம். மாதக்கணக்கில் ராஜ்பவனில் கிடந்து, திருப்பி அனுப்பப்பட்டு, மார்ச்சில் மீண்டும் நிறைவேற்றப்பட்ட இணையச் சூதாட்டத் தடைச் சட்டமுன்வடிவுக்கு அன்று மாலையே ஒப்புதல் வந்தது. அந்தத் தீர்மானத்தில் நான் முழுமையாக உடன்படுகிறேன். கோடிக்கணக்கானவர்கள் வாக்களித்து அனுப்பிய அவையின் முடிவை நியமன அதிகாரி ஒருவர் கிடப்பில் போடக் கூடாது. அந்த வாதத்தின் வலு எங்கிருந்து வருகிறது? அவை ஒரு விஷயத்தை உட்கார்ந்து பேசி, எதிர்ப்பைக் கேட்டு முடிவெடுத்தது என்பதிலிருந்து வருகிறது. பதினோரு நாள் கழித்து அந்தப் பேச்சுக்கு அவை தந்த நேரம் மிகக் குறைவு.

வெளியே நடந்த பத்து நாள்

அவைக்குள் நடக்காத விவாதம் வெளியே நடந்தது. சிஐடியு, ஏஐடியுசி முதலான சங்கங்கள் உடனே கிளம்பின. திமுகவின் சொந்தத் தொழிற்சங்கமான தொமுசவும் இதை ஏற்கவில்லை. அது ஆளுங்கட்சிக்கு உண்மையிலேயே வலித்த இடம். மே 12 அன்று வேலைநிறுத்தம் என்று அறிவிப்பும் வந்தது.

ஏப்ரல் 24, திங்கட்கிழமை, தலைமைச் செயலகத்தில் அமைச்சர்கள் எ.வ. வேலு, சி.வி. கணேசன், தா.மோ. அன்பரசன் ஆகியோர் சங்கப் பிரதிநிதிகளைச் சந்தித்தார்கள். திரும்பப் பெற வேண்டும் என்ற ஒரே நிலையில் சங்கங்கள் நின்றன. அன்றே முதலமைச்சர் சட்டமுன்வடிவின் மீதான செயலாக்கம் நிறுத்திவைக்கப்படுவதாக அறிவித்தார். வெள்ளிக்கிழமை நிறைவேறியது, திங்கட்கிழமை நின்றது.

இதில் சட்டரீதியான இடைவெளி ஒன்று உதவியது. தொழிற்சாலைகள் சட்டம் மத்தியச் சட்டம். தொழிலாளர் நலன் பொதுப்பட்டியலில் இருக்கிறது. மத்தியச் சட்டத்தோடு முரண்படும் மாநிலத் திருத்தம் செல்ல வேண்டுமானால் அரசமைப்பின் 254-ஆம் உறுப்பின்படி குடியரசுத் தலைவரின் ஒப்புதல் வேண்டும். அதாவது, பேரவையில் நிறைவேறிய மறுநாளே அது சட்டமாகிவிடவில்லை. அந்த இடைவெளியில்தான் திரும்பிப் போக வழி இருந்தது.

மே 1 வந்தது. சென்னை மாகாணத்தில் சிங்காரவேலர் 1923 மே 1 அன்று கடற்கரையில் செங்கொடி ஏற்றி இந்தியாவின் முதல் மே தினத்தைக் கொண்டாடி அன்றோடு நூறு ஆண்டு. 1918-இல் பெரம்பூர் ஆலைத் தொழிலாளர்களுக்காகத் தொடங்கிய சென்னைத் தொழிலாளர் சங்கம், அதில் பி.பி. வாடியாவோடும் திரு.வி.க.வோடும் நின்றவர்கள், 1921-இன் பின்னி ஆலை வேலைநிறுத்தம் என்று இந்த ஊருக்கு ஒரு நினைவு இருக்கிறது. அந்த நூற்றாண்டு நாளில், எட்டு மணி நேர வேலைக்காகச் சிந்திய இரத்தத்தைப் பேச வேண்டிய மேடையில், 12 மணி நேரச் சட்டமுன்வடிவைத் தாங்கிக்கொண்டு எந்த முதலமைச்சராலும் நிற்க முடியாது. சிந்தாதிரிப்பேட்டை மே தினப் பூங்காவில் மு.க. ஸ்டாலின் திரும்பப் பெறுவதாக அறிவித்தார். சட்டம் கொண்டுவருவதற்குத் துணிச்சல் வேண்டும், திரும்பப் பெறுவதற்கும் அதே துணிச்சல் வேண்டும் என்ற பொருளில் பேசினார். பேரவை உறுப்பினர்களுக்குச் செய்தி ஏட்டின் (உறுப்பினர்களுக்கு அனுப்பப்படும் தகவல் தாள்) வழியாகத் தெரிவிக்கப்படும் என்றும் சொன்னார்.

திரும்பப் பெற்றது நல்ல முடிவு. மனதார வரவேற்றவர்களில் நானும் ஒருவன். ஆனால் அந்தச் ‘செய்தி ஏடு’ என்ற சொல் என் மனதில் நின்றுவிட்டது. குரல் வாக்கெடுப்பில் அதை நிறைவேற்றிய அவையின் உறுப்பினர்களுக்கு, அது இல்லாமல் போன தகவல் ஒரு தாளில் போய்ச் சேர்கிறது. நிறைவேற்றியபோதும் அவர்கள் அதிகம் பேசவில்லை, இல்லாமல் ஆனபோதும் பேசவில்லை.

இன்னொரு ‘ஆம்’

இப்போது அதே நாளின் இரண்டாவது சட்டமுன்வடிவுக்கு வருவோம். நில ஒருங்கிணைப்புச் சட்டம். விவாதமே இல்லாமல் நிறைவேறியது.

அது சொல்வதன் சாரம் இது. நூறு ஹெக்டேருக்குக் குறையாத பரப்பில், நடுவே ஏரியோ ஓடையோ வாய்க்காலோ உள்ள நிலத்தில், தொழில், வணிகம், உள்கட்டமைப்பு, வேளாண்மை போன்றவற்றுக்கு முக்கியத்துவம் உடையது என்று அரசு கருதும் திட்டத்தைச் ‘சிறப்புத் திட்டம்’ என்று அறிவிக்கலாம். அந்தப் பரப்புக்குள் இருக்கும் அரசு நிலத்தையும் திட்டக்காரரின் நிலத்தையும் பரிமாற்றம் செய்து ஒருங்கிணைக்கலாம். அதற்கு நிபுணர் குழு உண்டு, பொதுமக்கள் கருத்துக்கேட்பு உண்டு, நீர்நிலையின் கொள்ளளவோ நீரோட்டமோ குறையக் கூடாது என்ற நிபந்தனையும் உண்டு. கடைசி முடிவு அரசுடையது.

அரசின் காரணம் இதிலும் புரிந்துகொள்ளக்கூடியதே. பெரிய திட்டத்துக்கு நிலம் எடுக்கும்போது நடுவில் ஒரு வாய்க்கால் புறம்போக்கு குறுக்கே ஓடினால் அந்த ஒரு துண்டுக்காகக் கோப்பு ஆண்டுக்கணக்கில் அலையும். அதற்கு ஒரு நேரான வழி வேண்டும் என்கிறார்கள்.

ஆனால் ஏரியைக் கொள்ளளவாக மட்டும் பார்க்க முடியுமா? காஞ்சிபுரம் மாவட்டத்து ஏரிகளைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், அவை தனித்தனிக் குளங்கள் அல்ல. மேல் ஏரி நிரம்பிக் கலங்கல் வழியாக வழிந்தால் அது கீழ் ஏரிக்கு வரவு. மதகு திறந்தால் ஆயக்கட்டு வயலுக்குப் போகும், வயலின் வடிகால் அடுத்த வாய்க்காலில் சேரும். ஏரியை அப்படியே வைத்துக்கொண்டு சுற்றியுள்ள ஆயக்கட்டையும் நீர்ப்பிடிப்பையும் கான்கிரீட் ஆக்கினால் கொள்ளளவு தாளில் அப்படியே இருக்கும், தண்ணீர் வராது. வந்தாலும் பாய வயல் இருக்காது. பரந்தூரில் புதிய விமான நிலையத்துக்குக் குறித்த நிலத்தில் இப்படிப்பட்ட ஏரிகளும் குளங்களும் இருக்கின்றன. ஸ்ரீபெரும்புதூர் ஏரிக்குத் தண்ணீர் கொண்டுபோகும் கம்பன் கால்வாயும் அதன் வழியே ஓடுகிறது. 2022-இல் இடம் அறிவிக்கப்பட்டதிலிருந்து ஏகனாபுரம் மக்கள் போராடிக்கொண்டிருந்தார்கள், கிராமசபையில் தீர்மானம் மேல் தீர்மானமாகப் போட்டுக்கொண்டிருந்தார்கள். இந்தச் சட்டம் தங்கள் ஊருக்காகவே எழுதப்பட்டதோ என்று அவர்களும் பூவுலகின் நண்பர்கள் போன்ற சூழலியல் அமைப்பினரும் கேட்டார்கள். அந்தச் சந்தேகத்தைத் தீர்க்கவோ உறுதிசெய்யவோ ஒரு கேள்வி அவைக்குள் எழுந்திருக்க வேண்டும்.

2007-இல் தமிழ்நாட்டிலேயே ஏரிகளைப் பாதுகாத்து ஆக்கிரமிப்பை அகற்றுவதற்கு ஒரு சட்டம் போட்டிருக்கிறோம். அந்தச் சட்டத்தோடு இந்தச் சட்டம் எப்படிப் பொருந்தும் என்பது எளிய கேள்வி. சட்டம் இயற்றுகிறவர்கள்தான் முதலில் கேட்க வேண்டிய கேள்வி.

எதிர்ப்பு வெளியே வந்தது, உண்மைதான். விவசாய சங்கங்கள் கண்டித்தன, இடதுசாரிகள் திரும்பப் பெறக் கேட்டார்கள். ஆனால் வேலைநிறுத்தம் அறிவிக்க ஏரிக்கு ஒரு சங்கம் இல்லை. ஆளுங்கட்சிக்குள்ளிருந்து எதிர்க்கத் தொமுச மாதிரி ஓர் அமைப்பு அதற்கு இல்லை. நூற்றாண்டு கொண்டாடும் நாளும் இல்லை. 2023 ஆகஸ்டில் ஆளுநரின் ஒப்புதல் கிடைத்தது. எத்தனையோ சட்டமுன்வடிவுகள் ராஜ்பவனில் காத்துக் கிடந்த அதே காலத்தில் இது நான்கே மாதத்தில் கையெழுத்தானது. 2024 அக்டோபரில் நடைமுறைக்கு வந்தது. 2025 ஏப்ரலில் பரந்தூர் விமான நிலையத்துக்கு மத்திய அரசின் கொள்கை அளவிலான ஒப்புதலும் கிடைத்தது.

இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படிக்கும்போது ஒன்று தெளிவாகிறது. வேலை நேரச் சட்டமுன்வடிவைத் தடுத்தது சங்கங்களின் பலமும் ஒரு நாள்காட்டியின் தற்செயலும். பேரவையின் விதிமுறையில் எதுவும் தடுக்கவில்லை. பலமும் தற்செயலும் இல்லாத இடத்தில் சட்டமுன்வடிவு நேராகச் சட்டமாகிவிட்டது.

இடையில் இல்லாத படி

ஒரு சட்டமுன்வடிவு எப்படி அவைக்கு வருகிறது? துறை வரைவு எழுதும், சட்டத்துறை சரிபார்க்கும், அமைச்சரவை ஒப்புக்கொள்ளும், பேரவையில் அறிமுகமாகும், ஆய்வுக்கு எடுக்கப்படும், நிறைவேறும். அறிமுகத்துக்கும் நிறைவேற்றத்துக்கும் நடுவில் ஒரு படி விதிகளில் உண்டு: தேர்வுக் குழு. உறுப்பினர்கள் சிலர் தனியாக அமர்ந்து பிரிவு பிரிவாகப் படித்து, வேண்டுமானால் வெளியாரையும் கேட்டு, திருத்தங்களோடு அவைக்கு அறிக்கை தரலாம். நம் அவையில் அந்தப் படியில் கால்வைப்பது அபூர்வம்.

கேரளத்தில் 1980-இலிருந்தே துறைவாரிப் பாடக்குழுக்கள் இருக்கின்றன. சட்டமுன்வடிவு அறிமுகமானதும் அந்தத் துறையின் குழுவுக்குப் போவதுதான் அங்கே வழக்கம். அதில் ஆளுங்கட்சியும் எதிர்க்கட்சியும் ஒரே மேசையில் உட்காருகிறார்கள். கேமரா இல்லாத அறையில் ஆளுங்கட்சி உறுப்பினரும் ‘இந்த வரியை மாற்றலாமே’ என்று சொல்லத் தயங்க மாட்டார். தமிழ்நாட்டில் பொதுக் கணக்குக் குழு, மதிப்பீட்டுக் குழு, அரசு உறுதிமொழிக் குழு எல்லாம் இருக்கின்றன. அவை செலவையும் வாக்குறுதியையும் பார்க்கின்றன. சட்டமுன்வடிவைப் படிப்பதற்கென்று துறைவாரிக் குழு இல்லை.

மத்திய அரசு 2014-இல் ஒரு கொள்கை வகுத்தது: எந்தச் சட்ட வரைவையும் குறைந்தது முப்பது நாள் பொதுமக்கள் பார்வைக்கு வைக்க வேண்டும் என்று. மத்திய அரசே அதைப் பல சமயம் மீறியிருக்கிறது. மாநிலங்களை அது கட்டுப்படுத்தாது. ஆனால் 65-ஏ வரைவை முப்பது நாள் இணையத்தில் வைத்திருந்தால் ஏப்ரல் 24 அன்று அமைச்சர்களிடம் சொன்ன அத்தனையையும் சங்கங்கள் மார்ச்சிலேயே சொல்லியிருக்கும். 51-ஆம் பிரிவைப் பட்டியலிலிருந்து எடுத்திருப்பார்கள், ஓ.டி.யைத் தொடாமல் விட்டிருப்பார்கள். ஒருவேளை நான்கு நாள் வேலை வாரம் என்ற யோசனையைத் தொழிலாளர்களே நிபந்தனையோடு பேச முன்வந்திருப்பார்கள். அந்த யோசனையே இப்போது தீண்டத்தகாததாகிவிட்டது. நல்ல வாய்ப்பு ஒன்று மோசமான வாசகத்தோடு சேர்ந்து போய்விட்டது என்பதும் இதில் ஓர் இழப்பு.

கடைசி நாள் நெரிசலுக்கு ஒரு நடைமுறைக் காரணமும் உண்டு. நிதிநிலைக் கூட்டத்தொடரின் நாள்களை மானியக் கோரிக்கைகளே எடுத்துக்கொள்கின்றன. உறுப்பினர் தொகுதிக்குப் பாலம், பள்ளி, பேருந்து கேட்பது அப்போதுதான், அவருக்கு அதுவே முக்கியம். அலுவல் ஆய்வுக் குழு அட்டவணை போடும்போது சட்டமுன்வடிவுகள் மிச்ச நேரத்துக்குப் போகின்றன. சட்டமன்றம் என்று பெயர் வைத்த இடத்தில் சட்டத்துக்கு மிச்ச நேரம்.

2025 நவம்பர் 21 அன்று மத்திய அரசு நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகளை நடைமுறைக்குக் கொண்டுவந்தது. 1948-ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டத்தின் இடத்தில் பணிப் பாதுகாப்புத் தொகுப்பு வந்து உட்கார்ந்திருக்கிறது. 51-உம் 54-உம் 59-உம் இனி பழைய எண்கள். நாளுக்கு எட்டு மணி என்று புதிய தொகுப்பு சொல்கிறது. ஆனால் ஆலைக்குள் எத்தனை மணி இருக்கலாம், ஓ.டி. எவ்வளவு என்பதில் பலவற்றை அரசுகள் அறிவிக்கையாலும் விதியாலும் முடிவுசெய்யும். விதிகளுக்கு ‘ஏற்போர் ஆம் என்க’ கூடக் கிடையாது. அரசிதழில் வரும், பிறகு பேரவையின் மேசையில் வைக்கப்படும்.